ஒரு வகுப்பு கீழே

இன்று மழைக்கு விடுமுறை. காலையில் கலெக்டரின் அறிவிப்பு வந்ததுமே நம் மகள் ஜெர்லின் கட்டிலுக்கு அடியில் புகுந்து பெட்டியை இழுத்தாள். நெதர்லாந்தில் நீ அவளுக்கு வாங்கிக் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். கோட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. பொத்தான் எதுவும் எட்டவில்லை. வாசனை மட்டும் மாறவில்லை. ரப்பரும் அந்துருண்டையும் கலந்த வாசனை. அதை முகர்ந்தபோது எனக்கு ஏதாவது ஆகும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நீ போனதிலிருந்து பெரும்பாலும் இப்படித்தான். சென்சாரில் பழுதில்லை, வயரும் அறுபடவில்லை, சிக்னல்தான் வந்து சேரவில்லை. கிரேன் பழுது பார்க்கிறவனுக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்?

"அங்கன மழைன்னா வெளிய போய் விளையாடச் சொல்லுவாங்கல்லாப்பா? இங்கன மட்டும் ஏன் லீவு விடுதாங்க?" என்றாள்.

நீயும் இதைக் கேட்டிருக்கிறாய். நாம் ஊர் திரும்பிய முதல் மழைக்காலம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்று, "அங்க மழை பெஞ்சா புள்ளைய வகுப்ப விட்டு வெளிய அனுப்புதான். இங்க மழை பெஞ்சா பள்ளிக்கூடத்துக்கே வராதங்கான். ரெண்டு பேருமே பாடம் நடத்தாம இருக்கத்தான் வழி பாக்கானுவ" என்று சிரித்தாய். பிறகு தண்ணீரைப் பார்த்துவிட்டு, "கலெக்டரயும் குத்தம் சொல்ல முடியாது. அங்க ரோட்டுக்குப் பக்கத்துல வாய்க்கா இருக்கு. இங்க வாய்க்காதான் ரோடு" என்றாய். உனக்கு எப்போதும் அப்படித்தான். இரண்டு நாட்டையும் ஒரே மூச்சில் திட்டுவாய். இரண்டில் எது ஒசத்தி என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லமாட்டாய்.

அந்தக் கேள்வியால்தான் இந்தக் கடிதம். நீ இல்லாத நேரத்தில், ஆலந்தலையில், உன் அம்மா வீட்டு நடுவறையில் உன்மேல் ஒரு வழக்கு நடந்தது. உலகத்திலேயே நல்ல படிப்பு இருக்கிற ஊரில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அங்கிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு வந்து இங்கே ஒரு ஓட்டுப் பள்ளிக்கூடத்தில் போட்டாய் என்பது குற்றச்சாட்டு. முடிவு என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

நாம் அங்கே போய் இறங்கிய குளிர்காலம் உனக்கு நினைவிருக்கும். என்னை அந்தத் துறைமுகத்துக்கு அனுப்பியது கம்பெனி. உன்னை யாரும் எங்கும் அனுப்பவில்லை, ஆனாலும் நீ முதல் வாரத்திலேயே பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய். கதை வாசிக்க ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்களாம். சாயங்காலம் வந்து மூச்சு விடாமல் சொன்னாய். தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையிடம் அந்த டீச்சர், எப்படி இந்தப் பதிலுக்கு வந்தாய் என்று கேட்டதை. கம்பெனி மேனேஜர் பிள்ளையும் லாரி ஓட்டுகிறவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருந்து ஒரே ரொட்டியைக் கடித்ததை. "ஏல, அங்க ஒரு புள்ளைக்குக்கூட டீச்சரப் பாத்தா பயம் இல்ல தெரியுமா? எனக்குத்தான் பயமா இருந்துச்சு" என்றாய். நாலு பேர் முன்னால் 'ஏங்க' என்று கூப்பிடுகிறவள், சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் 'ஏல' என்பாய். அன்று சந்தோஷ 'ஏல'.

கோப 'ஏல' அடுத்த வருடம் வந்தது. கீழ் வீட்டில் இருந்த கிரேன் ஆபரேட்டரின் மூத்த பையனுக்குத் தொடக்கப்பள்ளி முடிகிற வயது. பன்னிரண்டை ஒட்டி அங்கே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள், இவன் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பள்ளிக்கு, இவன் கைத்தொழில் பள்ளிக்கு என்று. அந்தப் பையனுக்கு இரண்டாவது வந்தது. அவன் அப்பா கவலைப்படவே இல்லை. நல்ல தொழில், நல்ல சம்பளம், நானும் அப்படித்தான் வந்தேன் என்று காபி போட்டுக் கொடுத்தார். நீதான் படியேறி வந்து கதவைச் சாத்திவிட்டுக் கத்தினாய். "பன்னெண்டு வயசுல ஒரு புள்ளையப் பாத்து இவன் இம்புட்டுத்தான்னு எவம்ல சொல்லுதான்? பன்னெண்டு வயசுல நீ என்ன கிழிச்ச? கணக்குல பெயிலு!"

"அவங்களுக்கு அது தாழ்வு இல்லளா. எலக்ட்ரீசியனுக்கும் அங்க மரியாதை இருக்கு" என்றேன்.

"மரியாத இருக்கட்டும். கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயிட்டு நடுவுல ஏன் விடணும்?"

அதற்குப் பிறகு உனக்கு அதுவே அளவுகோல் ஆகிவிட்டது. எந்த நாட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதைத்தான் கேட்டாய். "எத்தனாவது எடம்னு எனக்குச் சொல்லாதீங்க. எந்த வயசுல கைய விடுதான், எந்தப் புள்ளையோட கைய விடுதான், அதச் சொல்லுங்க." சிங்கப்பூரில் இருக்கிற உன் அண்ணன் மகன் ஆறாம் வகுப்புப் பரீட்சைக்காக இரண்டு டியூஷன் போய்க்கொண்டிருந்தான். அங்கே பரீட்சை கையை விடுகிறது என்றாய். நம் ஊரையும் விட்டுவைக்கவில்லை. "நம்மூர்ல ஆனா ஆவன்னாவுலயே விட்டுருதாங்க. பீஸ் கட்டுறவன் கைய மட்டும் வேற ஆளு வந்து புடிச்சிக்கிடுதான்" என்றாய். ஊர்ப்பாசம் உன் கண்ணை மறைத்தது என்று இப்போது சொல்கிறவர்கள் அந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொன்னாய். அதை நான் இப்போது தினமும் வேலையில் நினைத்துக்கொள்கிறேன். கம்பெனியில் குடும்பத்தாரை அழைத்த ஒரு நாள் நீ கண்ட்ரோல் ரூமுக்கு வந்தாய். கிரேன் ஒரு கண்டெய்னர் பெட்டியைத் தூக்கும்போது திரையில் எடை வருமே, அது எப்படி வருகிறது என்று கேட்டாய். பெட்டியைப் பிடிக்கிற இரும்புச் சட்டத்துக்கே பல டன் எடை இருக்கிறது, முதலில் அதைக் கழித்து ஸீரோ செய்துவிட்டுத்தான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் வரும், ஆனால் அது பெட்டியின் எடையாக இருக்காது என்று சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும்போது டிராமில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "இந்த நாடு மொதல் எடம், அந்த நாடு கடைசின்னு அளக்காம்லா? அவன் எங்க வச்சி ஸீரோ பண்ணான்? காலைல சாப்டாம வார புள்ளைக்கும், மூணு வேள தின்னுட்டு வார புள்ளைக்கும் ஒரே ஸீரோவா?"

எதிரில் இருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டாய்.

அந்தக் கோடையில்தான் ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியை சிஸ்டர் உனக்கு போன் செய்தார். நம் கடற்கரைத் தெருவில், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியை இடம் காலியாகிறது, வருவாயா என்று கேட்டார். நான் யோசிக்கலாம் என்றேன். நீ பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாய். "நல்ல பள்ளிக்கூடம் இருக்குற ஊருக்கு எல்லாரும் போயிட்டா, நம்ம பள்ளிக்கூடத்துக்கு யாரு போறது? ஆடா?" என்றாய். வந்து பார்த்தால் உண்மையிலேயே இரண்டாம் வகுப்பில் ஓர் ஆடு நின்றது. அதற்கு நீ வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டதாகப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

போன மே மாத விடுமுறையில், ஒரு சாதாரணக் காலையில், தலை வலிக்கிறது என்று அடுப்படியில் உட்கார்ந்தாய். மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஆகஸ்டில் கம்பெனி மறுபடியும் அதே துறைமுகத்துக்கு என்னைக் கேட்டது. இந்த முறை ஐந்து வருடம். ஜெர்லினுக்கு அங்கே இங்கிலீஷில் நடக்கும் ஒரு பள்ளியில் இடமும் பார்த்துத் தருகிறோம் என்றார்கள். உன் அண்ணன் அன்றைக்கே போன் செய்து, யோசிக்காத மாப்ள, கிளம்பு என்றார். உன் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தள்ளினால் நகர்கிற பெட்டி மாதிரி இருந்தேன். அந்தப் பள்ளியிலிருந்து ஓர் அம்மாள் வீடியோவில் பிள்ளையிடம் பேச வேண்டும் என்றார், உட்கார வைத்தேன்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தணிந்த குரல், பொறுமை. உன் ஊரை ஒரு பறவை மேலே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும், வரைந்து காட்டு என்றார். ஜெர்லின் நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தாள். தாளின் அடிப்பக்கம் முழுக்கக் கடல், கப்பல், கிரேன், பாதி வெளியே வந்த சூரியன். அதற்கு மேலே கோயில், நம் வீடு, பள்ளிக்கூடம். அதற்கும் மேலே பஸ் ஸ்டாண்டு, இரண்டு பக்கமும் ரோடு. உச்சியில் மலை. உன் வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். ஸ்கூல் என்றாள். வீட்டுக்குக் கீழே? கடல் என்றாள்.

"வீட்டுக்குக் கீழேயா கடல்?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.

"ஆமா, கீழதான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, என்ன இதுகூடத் தெரியவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

இரண்டு நாளில் அறிக்கை வந்தது. வாசிப்பு நன்று, கணக்கு நன்று. திசையும் இடமும் பற்றிய உணர்வு வயதுக்குக் குறைவு, சூரியனைக் கடலுக்கு அடியில், தாளின் கீழ் விளிம்பில் வரைந்திருக்கிறாள், ஆகவே ஒரு வகுப்பு கீழே சேர்க்கலாம். பார்த்தேன். எண்கள் வருகிற திரையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஆலந்தலைக்குப் போனோம். மேசையில் முந்திரி மக்ரூன் தட்டு, அதற்குப் பின்னால் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்திய போனில் சிங்கப்பூரிலிருந்து உன் அண்ணன்.

"பாத்தியா மாப்ள, நான் சொன்னேம்லா? ரெண்டு மூணு வருசத்துல புள்ள பின்னால போயிட்டா" என்றார் மச்சான். "அவங்க பட்டுன்னு சொல்லிட்டாங்க பாரு. அங்கயே இருந்திருந்தா இந்நேரம் எங்கயோ போயிருப்பா."

"அவளுக்கு என்ன, யாரு பேச்சக் கேட்டா?" என்றார் மாமி, உன் அம்மா. "கெடச்சத விட்டுட்டு வந்தா. ஆண்டவர் அவளக் கூட்டிக்கிட்டாரு, நான் என்ன சொல்ல? ஆனா புள்ள வாழ்க்கைய அவ பாழாக்கிட்டுல்லா போயிட்டா."

மாமி உன்னைத் திட்டவில்லை. அழுகையைத் திட்டாக மாற்றிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல் மேசையில் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை.

"ஒலகத்துல எத்தனாவது எடம் தெரியுமா அந்த ஊரு படிப்பு?" என்றார் மச்சான்.

"எங்க வச்சி ஸீரோ பண்ணான் மச்சான்?" என்றேன்.

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. மாமி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். "அவ பேசுத மாதிரியே பேசுதாரு பாரு" என்று யாரிடமோ சொன்னார்.

"என்னது ஸீரோ?" என்றார் மச்சான். "கிரேன் கதைய எங்கிட்ட விடாத. ஒரு வகுப்பு கீழ போட்டா போடட்டும். என்ன கொறஞ்சி போச்சு? கீழ போய் உக்காந்து மேல ஏறி வரட்டும்."

ஜெர்லின் அதுவரை மக்ரூனின் உச்சியைக் கடித்து, பொடி சிந்தாமல் நக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"ஒரு வகுப்பு கீழன்னா, கடல் பக்கமாப்பா?"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. எனக்குள் எங்கோ ஒரு ரிலே 'டிக்' என்று விழுந்தது. மே மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சத்தம் அது.

போன மார்ச்சில் ஒரு நாள் பள்ளியின் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தாய். நான் பம்புசெட் அருகில் குனிந்திருந்தேன். நீ இரண்டாம் வகுப்பை முற்றத்துக்குக் கூட்டி வந்து ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கொட்டினாய். தண்ணீர் கொஞ்சம் யோசித்து, கோயில் பக்கமாக, கடலைப் பார்க்க ஓடியது. "எங்கன போகுது?" என்றாய். "கடலுக்கு டீச்சர்!" "தண்ணி மேல போகுமா, கீழ போகுமா?" "கீழ!" "அப்போ கடல் எங்க இருக்கு?" "கீழ!" "அதான்ளா கிழக்கு. மலை மேல இருக்கு, அதான் மேக்கு. நம்ம ஆறு மேல இருந்து எறங்கி கீழ வந்து கடல்ல விழுது. கீழூர் ஸ்டேசன் எந்தப் பக்கம், மேலூர் ஸ்டேசன் எந்தப் பக்கம்?" எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கையை நீட்டின. ஒரு கைகூடத் தவறவில்லை. மறுநாள் தாளின் அடியில் கடலை வைத்து எல்லாரும் ஊரை வரைந்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது நான் கேட்டதற்கு, பைக்கில் பின்னால் இருந்தபடி பதில் சொன்னாய். வடக்கு மேலே இருக்கணும்லா என்று கேட்டிருந்தேன். "அது மூணாங்கிளாசுல. ஜூன்ல தாளத் திருப்பிருவேன். மொதல்ல ஊரு அதுக காலுக்கு எப்படித் தெரியுதோ அப்படி நிக்கட்டும். அப்பொறம் ஒலகத்துக்குத் தக்கனத் திருப்பிக்கிடலாம். எடுத்த எடுப்புல வடக்கு மேலன்னு சொன்னா, புள்ள அத மனப்பாடம் பண்ணும், நிக்கிற எடம் தெரியாது."

ஜூன் வந்தது. நீ வரவில்லை. தாள் திரும்பவில்லை.

ஆலந்தலையில், அந்த மேசையில், என் போனில் ஜெர்லின் வரைந்த படத்தைத் திறந்தேன். போனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பி நிமிர்ந்துகொண்டது. இரண்டு முறை திருப்பினேன், இரண்டு முறையும் அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "என்ன மாப்ள, ஸ்டியரிங்கா புடிக்க?" என்று மச்சான் நக்கல் அடித்தார். திரை திரும்பாமல் பூட்டு போட்டுவிட்டு, வலது பக்கம் மேலே வரும்படி ஒரு கால் சுற்று திருப்பினேன். கடல் கிழக்கே போய் உட்கார்ந்தது. மலை மேற்கே. தருவைக்குளம் ரோடு வடக்கே. ஆலந்தலையில் இருக்கிற இந்த வீட்டையும் வரைந்திருந்தாள், அது தெற்கே அதனுடைய இடத்துக்கு வந்தது. நம் ஊர்த் துறைமுகத்தின் கிரேன்கள், நான் வேலை பார்க்கிற இடம் உட்பட, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. மாமியின் போனில் ஊர் மேப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். படம் முழுக்கச் சரி. சூரியனும் சரி. நம் ஊரில் சூரியன் கடலில் இருந்துதானே வருகிறது? அந்த அம்மாளின் ஊரில் அது கடலில் போய் விழும், அவர் என்ன செய்வார்?

மச்சான் திரையில் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சாதாரணமாக ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை உன் அண்ணன். ஆனால் நியாயஸ்தர். "சரிதாம்ல, படம் சரிதான்" என்றார். பிறகு விடாமல், "ஆனா ஒலகமே வடக்க மேல வச்சித்தான வரையுது? அத இவ எப்பப் படிப்பா?" என்றார்.

"ஜூன்ல படிச்சிருப்பா மச்சான்" என்றேன்.

மாமி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். ஜெர்லினின் தலையைக் கோதியபடி, "எங்கம்மா, ஆச்சி வீட்ட எங்க வரஞ்சிருக்க, காட்டு" என்று கேட்டார். அவ்வளவுதான் மாமியிடமிருந்து வந்தது. எனக்கு அது போதும்.

அந்த அம்மாளுக்கு எழுதினேன். சண்டையாக எழுதவில்லை. எங்கள் மொழியில் கிழக்கு என்பது கீழே, மேற்கு என்பது மேலே. பிள்ளை தன் டீச்சர் சொல்லித் தந்ததைச் சரியாக வரைந்திருக்கிறாள், தாளைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள் என்று மட்டும் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. திருப்பிப் பார்த்தேன், கப்பல்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன, தவறு என்னுடையது, அவளை அவளுடைய வகுப்பிலேயே சேர்த்துக்கொள்கிறோம், அந்த டீச்சருடன் பேச முடியுமா என்று கேட்டிருந்தார். இதுதான் அந்த ஊர். தப்பைத் தப்பு என்று ஒரு நாளில் ஒப்புக்கொள்கிற பள்ளிக்கூடம். நீ அங்கே எதை மெச்சினாயோ அது இன்றும் அங்கே இருக்கிறது.

டீச்சருடன் பேச முடியாது என்று பதில் எழுதினேன். கூடவே, நாங்கள் வரவில்லை என்றும் எழுதினேன்.

கம்பெனிக்கும் அதையே எழுதினேன். "இப்பதான் சரியான வகுப்பு குடுத்துட்டாங்கல்லா, இன்னும் என்னல வீம்பு?" என்று மச்சான் கத்தினார். வீம்புதான். ஒத்துக்கொள்கிறேன். வகுப்பு குறைந்ததற்காக நான் போகாமல் இருந்தால் அது கோபம், இரண்டு நாளில் ஆறிவிடும். வகுப்பு சரியான பிறகும் போகவில்லை, இதை ஆற வைக்க முடியாது. பிள்ளை எங்கே முன்னால் போவாள் என்று அவர்கள் அளக்கிறார்கள். நான் அளப்பது வேறு. நடுவில் கை விடப்பட்ட ஒரு வகுப்பு இருக்கிறது, முழு வகுப்பு, அதில் என் பிள்ளையும் ஒருத்தி. அவளை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால், பன்னிரண்டு வயதில் பிள்ளைகளைப் பிரிக்கிறவனைவிட நான் என்ன ஒசத்தி? நாளைக்கே மனது மாறலாம், அவள் வளர்ந்து தானே போகிறேன் என்று சொல்லலாம், அப்போது நானே பெட்டி கட்டித் தருவேன். உன் தீர்மானம் தப்பு என்பதற்குச் சாட்சியாக மட்டும் அவளைக் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன்.

நம் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று நான் பொய் சொல்ல வரவில்லை. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. சிஸ்டர் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு தொண்டை கட்டிப்போய் நிற்கிறார். கூரையில் ஓடு நழுவி மழை ஒழுகுகிறது. மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள், பதில் இல்லை. நானும் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை வாரத்தில் என் ஓய்வு நாளில் ஒரு பாடவேளை எனக்குத் தாருங்கள் என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"ஒமக்குப் பாடம் நடத்தத் தெரியுமா?" என்றார் சிஸ்டர்.

"ஒரு பாடம் மட்டும் தெரியும் சிஸ்டர்" என்றேன்.

நேற்று அந்தப் பாடம். மழை வருவதற்கு முன்னால் இருக்கிற புழுக்கம். மூன்றாம் வகுப்பை முற்றத்துக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். ஊரை வரையுங்கள் என்றேன். சொல்லி வைத்தாற்போல ஒவ்வொரு தாளிலும் கடல் அடியில் இருந்தது. நீ ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. ஈரமா என்று ஒரு தாளைத் தொட்டுப் பார்த்தேன். சிக்னல்தான் போல.

"இப்போ எல்லாரும் தாளத் திருப்பணும். வலது கைப் பக்கம் இருக்கது மேல வரணும்" என்றேன்.

யாரும் திருப்பவில்லை. "டீச்சர் கடல் கீழன்னுதான் சொன்னாவ" என்றது ஒரு குரல். "ஆமா, டீச்சர் அப்படித்தான் சொன்னாவ" என்று இன்னும் நாலைந்து. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அது பிடிவாதம் இல்லை. நீ சொன்னதை நான் வந்து அழிக்கப்போகிறேன் என்ற பயம்.

"டீச்சர் சொன்னது சரிதான். கடல் கீழதான் இருக்கு, எங்கயும் போகாது" என்றேன். "மூணாங்கிளாசு வந்ததும் திருப்பணும்னும் டீச்சர்தான் எங்கிட்டச் சொன்னாவ."

ஜெர்லின் முதலில் திருப்பினாள். பிறகு ஒவ்வொன்றாக. கடைசியில் பிரின்சி என்ற பொடிசு மட்டும் தாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"திருப்புனா கடல் கொட்டிராதா சார்?" என்றாள்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். அவள் கைமேல் என் கையை வைத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து, மெதுவாக, ஒரு கால் சுற்று.

தாளைத் திருப்பிவிட்டேன். இப்போது கடல் என் வலது கைப் பக்கம் இருக்கிறது. கொட்டிவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.